அரிய நூலும் வாசகர் உறவும்: ஒரு வரலாற்று நோக்கு

ஒரு நூல் அரியது எனின், அதன் படிகள் மிகச் சில என்றே பொதுவாகப் பொருள் கொள்ளப்படுகிறது. தமிழ் நூல்களின் வரலாறோ மற்றொரு காரணத்தையும் காட்டுகிறது. படிகள் இருந்தும், அவற்றைப் படிப்போர் ஒருவரையொருவர் அறியாதபோது நூல் அரியதாகிவிடுகிறது. நூறாண்டுக்கு மேற்பட்ட இடைவெளியில் நிகழ்ந்த இரு நிகழ்வுகள் இதற்குச் சான்றாகும்.

1880இல் கும்பகோணத்திற்கு முன்சீபாக வந்த சேலம் இராமசாமி முதலியார், அவ்வூர்க் கல்லூரித் தமிழாசிரியர் உ.வே. சாமிநாதையரிடம் அவர் கற்ற நூல்களைப் பற்றி வினவினார். ஐயர் அந்தாதி, பிள்ளைத்தமிழ், உலா, கோவை எனப் பல நூல்களைக் கூறினார். அவற்றைப் பொருட்படுத்தாத முதலியார், சீவக சிந்தாமணியைக் கற்றதுண்டா என்று கேட்டு, பின்னர் அதன் படியையும் அளித்தார். நூலிலும் உரையிலும் விளங்காதிருந்த சமணக் கருத்துகளுக்கு அவ்வூர்ச் சமணர்களிடமே விளக்கம் கிடைத்தது. அவர்கள் சிந்தாமணியைச் சமய நூலாகப் போற்றிப் படித்து வந்தனர். நூலும் அதனை உணர்ந்தோரும் ஒரே ஊரில் இருந்தும், தமிழ்க் கல்வி அவர்களை எட்டவில்லை. 1887இல் வெளிவந்த ஐயரின் பதிப்பு இவ்விரு வட்டங்களின் சேர்க்கையால் விளைந்தது எனலாம்.

பின்னர் நிலை மாறியது. சிந்தாமணி பாடநூலாயிற்று. மடங்களில் மாணவர் பயின்ற அந்தாதிகளும் உலாக்களும் 'சிற்றிலக்கியம்' என்னும் பெயருக்குள் அடங்கி, பல மறுபதிப்பின்றி மறைந்தன. அன்று பரவலாக அறியப்பட்டவை அரியனவாயின.

இவ்வகை நூல்கள் பலவற்றுக்கு வாசகரை மீண்டும் தேடித்தந்தது, 1998ஆம் ஆண்டுப் பொங்கலன்று தொடங்கப்பட்ட மதுரைத் திட்டமாகும். சுவிட்சர்லாந்தில் பணியாற்றிய வேதியியலாளர் கல்யாணசுந்தரம் இதனை முன்னின்று நடத்தினார். பல நாடுகளில் வாழ்ந்த ஆர்வலர், ஒருவரையொருவர் நேரில் காணாமலேயே, நூல்களைத் தட்டச்சு செய்தும் மெய்ப்புப் பார்த்தும் இணையத்தில் இலவசமாக வழங்கினர். தொடக்கத்தில் எழுத்துக் குறியீடே இவர்களுக்குத் தடையாயிற்று. ஒவ்வொரு எழுத்துருவும் தனிக் குறியீட்டைக் கொண்டிருந்ததால், ஒருவர் அனுப்பிய கோப்பு மற்றவர் கணினியில் பொருளற்ற குறிகளாகத் தோன்றியது. 1999 முதல் திஸ்கி என்னும் பொதுக் குறியீடும், அதன்பின் ஒருங்குறியும் இத்தடையை நீக்கின.

இரு நிகழ்வுகளுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. கும்பகோணத்துச் சமணர் அளித்தது மூலபாடம் மட்டுமன்று; வழிவழியாகக் கேட்டறிந்த பொருளும் ஆகும். மின்படியோ பெரும்பாலும் மூலத்தையே தருகிறது. ஒரு தலபுராணத்தின் இடப்பெயரையும் வழிபாட்டுச் சொல்லையும் விளக்க வல்லார் அவ்வூரில் இன்றும் இருத்தல் கூடும். அவர்களைத் தேடிக் கேட்டு, அவர்தம் விளக்கத்தை மின்படியோடு சேர்க்காவிடின், நூல் எங்கும் கிடைப்பினும் பொருளளவில் அரியதாகவே நிற்கும்.