ஏட்டுக்கு வெளியே நிற்கும் சாட்சி

என் தங்கை மகன் வணிகவியலில் பட்டம் பெற்றபின், தடயவியல் கணக்கியல் என்னும் துறையில் முதுகலை பயில விரும்புகிறான். கணக்கேடுகளுக்குள் ஒளிந்திருக்கும் மோசடியைக் கண்டறிந்து, நீதிமன்றம் ஏற்கும் வண்ணம் மெய்ப்பித்துக் காட்டும் கல்வி அது. அவன் தந்தைக்கு இதில் மனநிறைவில்லை. "மச்சான், நீங்கள் ஓதியவர்கள். பிறர் குறையைத் துருவுவதைக் குர்ஆன் தடுத்திருக்க, அதையே பிழைப்பாகக் கொள்வது ஆகுமா?" என்று என்னிடம் கேட்டார். நியாயமான கேள்விதான். ஹுஜ்ராத் அத்தியாயம் 'தஜஸ்ஸுஸ்' என்னும் துருவலை விலக்கியிருப்பது உண்மையே. நானோ வரவு செலவுப் பேரேட்டைக் கண்டாலே ஒதுங்குபவன். ஆயினும் கிதாபுகளில் பயின்ற ஒரு நிகழ்ச்சி நினைவில் எழுந்தது.

ஹிஜ்ரி ஐந்தாம் நூற்றாண்டு. பக்தாதில் அப்பாஸிய கலீபா அல்காயிமின் ஆட்சி. அவருடைய வஸீர் இப்னுல் முஸ்லிமாவின் முன் யூதர் சிலர் ஒரு பத்திரத்தைக் கொணர்ந்து வைத்தனர். கைபர்வாசிகளுக்கு ஜிஸ்யா வரியிலிருந்து அண்ணல் நபி (ஸல்) அவர்கள் விலக்களித்தார்கள் என்பது அதன் வாசகம். கீழே நபித்தோழர்களின் சாட்சியம். எழுதியது அலீ (ரலி) அவர்களின் திருக்கரம் என்றும் சொல்லப்பட்டது. வஸீரின் நிலையை வாசகர் எண்ணிப் பார்க்க வேண்டும். பத்திரம் மெய்யாயின், அதை மறுப்பது நபியின் ஆணையை மறுப்பதாகும். பொய்யாயின், ஏற்பது பைத்துல்மாலுக்கு இழைக்கும் துரோகமாகும். அவர் அதனை ஹதீஸ் கலை வல்லுநரான அல்கதீபுல் பக்தாதீ அவர்களிடம் அனுப்பினார்.

கதீப் பார்த்தார். "இது புனையப்பட்டது" என்றார். எப்படி என்று கேட்கப்பட்டபோது அவர் காட்டியவை இரண்டே செய்திகள். சாட்சிகளில் ஒருவராக முஆவியா (ரலி) அவர்களின் பெயர் இருக்கிறது. அவர்கள் இஸ்லாத்தைத் தழுவியது மக்கா வெற்றியின்போது, ஹிஜ்ரி 8இல். கைபர் வெல்லப்பட்டதோ ஹிஜ்ரி 7இல். மற்றொரு சாட்சி ஸஅத் இப்னு முஆத் (ரலி). அவர்கள் அகழ்ப்போரில் காயமுற்று ஹிஜ்ரி 5இலேயே மறைந்துவிட்டார்கள். ஒருவர் இன்னும் இஸ்லாத்துக்குள் வராதவர். மற்றவர் கைபருக்கு ஈராண்டு முன்னரே மண்ணறை சேர்ந்தவர். ஜிஸ்யா பற்றிய கட்டளையே தபூக் படையெடுப்பு நிகழ்ந்த ஹிஜ்ரி 9இல்தான் வந்தது என்று பிற்கால அறிஞர்கள் மேலும் எடுத்துக்காட்டினர்.

கதீப் மையைச் சோதிக்கவில்லை. எழுத்தின் சாயலை ஒப்பிட்டுக் கொண்டிருக்கவில்லை. பத்திரத்தைப் புனைந்தவர் அறியாத வேறோர் ஏடு அவர் நெஞ்சில் இருந்தது. பக்தாதோடு தொடர்புடைய ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோரின் வரலாற்றைத் தொகுத்தவர் அவர். பொய்யன் தன் கையிலுள்ள ஏட்டைத்தான் திருத்த முடியும். பிறர் கையிலுள்ள ஏட்டைத் திருத்த இயலாது. யார் கொணர்ந்த பொய் என்பதும் அவர்களுக்கு ஒரு பொருட்டன்று. ஹதீஸ் புனைந்த முஸ்லிம்களையும் முஹத்திஸீன்கள் இதே அளவுகோலால்தான் அளந்தனர். "அந்த ஷைகிடம் எந்த ஆண்டில் கேட்டீர்?" என்று வினவுவார்கள். சொல்லும் ஆண்டு ஷைகு மரித்த ஆண்டுக்குப் பிந்தியதாயின் அத்துடன் வழக்குத் தீர்ந்தது.

மருமகன் பயில இருக்கும் கலையின் உயிர்நாடியும் இதுவே என அவன் கொண்டுவந்த பாடத்திட்டத்தைப் படித்தபோது விளங்கிற்று. வழக்கமான தணிக்கை, ஏடு முறைப்படி எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்க்கிறது. இதுவோ, ஏட்டை நம்புவதற்கு ஏட்டுக்கு வெளியே என்ன சாட்சி இருக்கிறது என்று கேட்கிறது. கடனை எழுதி வைக்கச் சொல்லும் திருக்குர்ஆன் வசனம், குர்ஆனிலேயே மிக நீண்டது. அதுவும் எழுத்தோடு நிறுத்தாமல் சாட்சிகளையும் வேண்டுகிறதல்லவா?

இத்துறைக்கு இப்பெயரை 1946இல் நியூயார்க் கணக்காளர் மாரிஸ் பெலூபே தம் கட்டுரையொன்றில் வழங்கினார். தொழில் அதற்கு முந்தியது. சிக்காகோவின் கொள்ளைத் தலைவன் அல் கபோனை வேறெந்தக் குற்றத்துக்கும் நெருங்க முடியாதிருந்த நிலையில், வரித்துறையின் பிராங்க் வில்சன் ஒரு சூதாட்டக் கூடத்தின் பழைய பேரேட்டிலிருந்து அதை எழுதிய கணக்கரைத் தேடிப் பிடித்தார். 1931இல் கபோனுக்குப் பதினோராண்டுச் சிறை கிடைத்தது வரி ஏய்ப்புக்காகவே.

நம் நாட்டு உதாரணம் இன்னும் கசப்பானது. 2009 ஜனவரி 7 அன்று ஹைதராபாத்தின் சத்யம் கம்ப்யூட்டர் நிறுவனத் தலைவர் ராமலிங்க ராஜு, தம் இயக்குநர் குழுவுக்கு ஒரு கடிதம் எழுதினார். ஏட்டில் காட்டப்பட்ட ரொக்கமும் வங்கி இருப்பும் 5,361 கோடி ரூபாய். அதில் 5,040 கோடி இல்லவே இல்லை என்பது அவர் வாக்குமூலம். ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட பொய் விலைப்பட்டியல்கள் புனையப்பட்டிருந்தமை பின்னர் வெளிப்பட்டது. இல்லாத வைப்புத்தொகைக்கு வங்கிச் சான்றுகளும் புனையப்பட்டிருந்தன. புகழ்வாய்ந்த தணிக்கையாளர்கள் ஆண்டுதோறும் கையொப்பமிட்ட கணக்கு அது! வங்கியில் பணம் உண்டா என்று தணிக்கையாளர் தாமே வங்கிக்கு எழுதி, வங்கியிடமிருந்தே நேரில் மறுமொழி பெறுவது தொழில்முறை. இங்கோ அக்கடிதங்களை அனுப்பும் பொறுப்பே அந்நிறுவனத்தின் கையில் விடப்பட்டிருந்தது என்று அமெரிக்கப் பங்குச்சந்தை ஆணையம் 2011இல் கண்டித்தது. சாட்சியைக் குற்றவாளியின் வீட்டுக்குள்ளேயே உட்கார வைத்து விசாரித்தது போலாயிற்று. 2015 ஏப்ரலில் சிறப்பு நீதிமன்றம் ராஜு உள்ளிட்ட பத்துப் பேரைக் குற்றவாளிகள் எனத் தீர்த்தது; அடுத்த மாதமே மேல்முறையீட்டில் தண்டனை நிறுத்தி வைக்கப்பட்டது.

எண்களே சாட்சி சொல்லும் விந்தையையும் மருமகன் விளக்கினான். மடக்கை அட்டவணை நூல்களின் முதற்பக்கங்களே அதிகம் தேய்ந்திருப்பதை வானியலாளர் சைமன் நியூகம்ப் 1881இல் கவனித்தார். இயல்பாகத் திரளும் பலவகை எண்களில் 1 என்று தொடங்குபவை நூற்றுக்கு முப்பது அளவிலும், 9 என்று தொடங்குபவை ஐந்துக்கும் குறைவாகவும் இருக்கும். பிராங்க் பென்ஃபோர்டு 1938இல் இதை விரிவாக நிறுவினார். மனிதன் கற்பனையாக எழுதும் தொகைகள் பெரும்பாலும் இந்த ஒழுங்குக்கு அடங்குவதில்லை. இது தீர்ப்பன்று, எங்கே தேடலாம் என்னும் குறிப்பு மட்டுமே. அவ்வளவுக்கு அதை நம்பலாம்.

இனி என் மச்சானின் கேள்விக்கு வருகிறேன். அறிவிப்பாளர்களின் குறையைச் சொல்வது புறம் பேசுதல் ஆகாதா என்று முஹத்திஸீன்களையும் கேட்டவர்கள் உண்டு. இமாம் முஸ்லிம் (ரஹ்) அவர்கள் தம் ஸஹீஹின் முன்னுரையில் இதை எடுத்துக்கொண்டு, மார்க்கத்தைக் காக்கும் பொருட்டு அது கடமையே என்று நிறுவுகிறார்கள். ஆனால் அக்கலையின் பெயரே 'ஜர்ஹு வ தஅதீல்'. காயப்படுத்துதல் அதன் பாதிதான். நேர்மையானவரென நிலைநாட்டுதல் மறுபாதி. தேவைக்கு மேல் ஒரு சொல்லும் கூடாது, சான்றின்றி ஒரு சொல்லும் கூடாது என்பது அவர்கள் வகுத்த வரம்பு. நம் மக்கள் முதற்பாதியை மட்டுமே கண்டு அஞ்சுகிறார்கள்.

மறுபாதி இல்லாமற்போனால் என்னாகும் என்பதை நான் ஓதிக்கொடுக்கத் தொடங்கிய புதிதில் ஓர் ஊரில் கண்டேன். மதரஸாவின் கட்டட நிதியில் எட்டாயிரம் ரூபாய் குறைந்தது. கணக்கைப் பார்த்து வந்தவர் ஒரு முதியவர். கட்டிவிட்டேன் என்றார், ரசீது அகப்படவில்லை. யாரும் அவரைத் திருடரென்று சொல்லவில்லை, விசாரிக்கவும் இல்லை. மரியாதை கருதி விட்டுவிட்டோம் என்று பேசிக்கொண்டார்கள். ஆனால் பள்ளிவாசலில் அவருக்கு ஸலாம் சொல்வோர் குறைந்தனர். அவர் மகள் ஊருக்குப் போய் அங்கேயே மௌத்தானார். ஈராண்டுக்குப் பின், அத்தொகை பள்ளிவாசலின் வேறொரு கணக்கில் தவறுதலாக வரவு வைக்கப்பட்டிருந்தது தெரிந்தது. வங்கிக்குப் போய்ப் பார்த்துவர ஒரு காலைப்பொழுது போதுமாயிருந்திருக்கும்.

இதைக் கேட்ட மச்சான் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் என்றைக்கு என்று மகனைக் கேட்டார்.