பெயர் வாங்கித் தந்த எஞ்சினும் சோறு போட்ட வண்டியும்: மஸ்டா நிறுவன வரலாறு குறித்து

ஜப்பானியக் கார் நிறுவனங்களுக்கு ஆளுக்கொரு பெயர் நிலைத்துவிட்டது. டொயோட்டா என்றால் நம்பகம், ஹோண்டா என்றால் எஞ்சின் நேர்த்தி. ஹிரோஷிமாவைச் சேர்ந்த மஸ்டாவுக்கு வாய்த்த பெயர் பிடிவாதம். மற்றவர்கள் கைவிட்ட ரோட்டரி எஞ்சினை விடாமல் பிடித்துக்கொண்ட பொறியாளர்களின் நிறுவனம் என்ற சித்திரம், அதைப் பற்றி எழுதியவர்களிடமும் அது தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் வரலாற்றிலும் திரும்பத் திரும்ப வருகிறது. சித்திரம் பொய்யில்லை, ஆனால் பாதிதான். அந்த எஞ்சின் பெயர் வாங்கித் தந்தது. சோறு போட்டவை மூன்று சக்கர லாரியும் ஃபமிலியா என்ற சாதாரணக் குடும்பக் காரும். ரோட்டரியால் மஸ்டா பிழைத்தது என்பதைவிட, ரோட்டரி இழுத்துவிட்ட நெருக்கடியிலிருந்து வேறு காரணங்களால் மீண்டது என்பதே சான்றுகளோடு பொருந்தும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

தொடக்கத்திலிருந்தே அது காரைக் கனவுகண்ட நிறுவனமாக இல்லை. 1920இல் டோயோ கார்க் கோக்யோ என்ற பெயரில் ஹிரோஷிமாவில் நிறுவப்பட்டபோது அதன் தொழில் தக்கை தயாரிப்பு. மறு ஆண்டு தலைமைக்கு வந்த மட்சுதா ஜூஜிரோ மீனவர் குடும்பத்துப் பிள்ளை. உலோகப் பட்டறைகளில் கைவேலை கற்று மேலே வந்தவர். முதல் உலகப் போர் முடிந்து இறக்குமதித் தக்கை மீண்டும் வரத் தொடங்கியதும் உள்நாட்டுத் தக்கைக்குச் சந்தை சுருங்கியது. 1927இல் பெயரிலிருந்து ‘கார்க்’ உதிர்ந்து டோயோ கோக்யோ ஆனது. இயந்திரக் கருவிகள் பக்கம் நிறுவனம் திரும்பியது. 1931இல் ‘மஸ்டா-கோ’ என்ற மூன்று சக்கரச் சுமைவண்டி வெளிவந்தது. போர்க்காலத்தில் அதே தொழிற்சாலை ராணுவத்துக்குத் துப்பாக்கி செய்தது. நிறுவனத்தைப் புகழ்ந்து எழுதுவோர் இந்த வரியை வேகமாகக் கடந்துவிடுவது வழக்கம்.

1945 ஆகஸ்ட் 6 அன்று விழுந்த அணுகுண்டு தொழிற்சாலையை அழிக்கவில்லை. வெடித்த இடத்துக்குக் கிழக்கே சுமார் ஐந்து கிலோமீட்டர் தள்ளி ஃபுச்சூவில் அது இருந்தது. இடையில் நின்ற ஹிஜியாமா குன்று அதிர்வின் வேகத்தைத் தணித்தது. நகரத்துக்குள் சென்றிருந்த தொழிலாளர்களும் அவர்களது குடும்பங்களும் மாண்டனர், கட்டடங்கள் நின்றன. ஏறத்தாழ ஓராண்டுக் காலம் ஹிரோஷிமா மாவட்ட நிர்வாகம் அந்த வளாகத்தில் இருந்துதான் இயங்கியது. அவ்வாண்டு டிசம்பரிலேயே மூன்று சக்கர வண்டி உற்பத்தி மீண்டும் தொடங்கியது. நகரமும் நிறுவனமும் ஒன்றையொன்று கைவிட முடியாத உறவு அப்போது உருவானது. முப்பது ஆண்டுகள் கழித்து அதற்குக் கணக்குத் தீர்க்கும் வேளை வந்தது என்பதால் இதை இங்கே குறித்து வைக்கிறேன்.

1950களில் ஜப்பானியச் சிறு வணிகர்களின் சரக்கைச் சுமந்தவை மூன்று சக்கர லாரிகளே. மீன், அரிசி, மரக்கட்டை, வீடு கட்டும் ஓடு எல்லாமே அதில் போயின. அந்தச் சந்தையில் டைஹட்சுவும் டோயோ கோக்யோவும் முன்னணியில் நின்றன. பின்னாளில் ரோட்டரி ஆய்வுக்குச் செலவிட முடிந்த பணத்துக்கு ஊற்று இந்த வண்டிகள்தான். பயணிகள் காரில் நிறுவனம் நுழைந்தது 1960இல், 3 லட்சம் யென் விலையிலான ஆர்360 கூப்பே என்ற சின்னஞ்சிறு காரோடு.

அப்படியிருந்த நிறுவனம் ரோட்டரிக்குப் போனது ஏன்? தலைவர் மட்சுதா ட்சுனேஜியின் தொழில்நுட்ப ஆர்வம் ஒரு காரணம் என்பதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் 1961ஐக் கவனிக்க வேண்டும். வெளிநாட்டுக் கார்களுக்குச் சந்தையைத் திறந்துவிடும் நாள் நெருங்குகிறது என்று கருதிய சர்வதேச வணிக, தொழில்துறை அமைச்சகம், கார் தயாரிப்பாளர்களை மூன்று குழுக்களாகத் தொகுக்கும் யோசனையை அவ்வாண்டு முன்வைத்தது. சிறிய, பின்னால் வந்த, டோக்கியோவிலிருந்து தொலைவில் கிடந்த நிறுவனங்கள் பெரியவற்றுக்குள் கரைவதே அதன் பொருள். அதே ஆண்டில்தான் மேற்கு ஜெர்மனியின் என்எஸ்யு நிறுவனத்திடமிருந்து ஃபெலிக்ஸ் வாங்கெலின் ரோட்டரி எஞ்சினுக்கான உரிமத்தை டோயோ கோக்யோ பெற்றது. தனக்கென ஒரு தொழில்நுட்பம் இருந்தால் தன்னை யாரோடும் எளிதில் சேர்த்துவிட முடியாது என்பதே கணக்கு. கார் விற்பனைக்கு வரும் முன்பே, ரோட்டரி எஞ்சின் வைத்த காஸ்மோவின் மாதிரி வண்டியைத் தானே ஓட்டிக்கொண்டு விநியோகஸ்தர்களையும் வங்கியாளர்களையும் ட்சுனேஜி ஊர் ஊராகச் சந்தித்தார். அந்தக் கட்டத்தில் எஞ்சினின் முதல் வாடிக்கையாளர்கள் வங்கிகளே.

வாங்கிவந்த எஞ்சின் ஓடவில்லை என்றே சொல்ல வேண்டும். வேர்க்கடலை ஓடு போல நடுவில் லேசாக ஒடுங்கிய உறைக்குள், புடைத்த பக்கங்களைக் கொண்ட முக்கோண ரோட்டர் சுழல்கிறது. பிஸ்டன் எஞ்சினில் மேலும் கீழும் நடக்கும் இயக்கம் இங்கே ஒரே திசைச் சுழற்சி. வால்வுகள் கிடையாது, அதிர்வு குறைவு, எடையும் குறைவு. ஆனால் ரோட்டரின் மூன்று முனைகளிலும் பொருத்திய மெல்லிய சீல்கள் உறையின் உட்சுவரை உரசியபடியே வாயுவைக் கசியாமல் தடுக்க வேண்டும். குறிப்பிட்ட வேகத்தில் அந்தச் சீல்கள் அதிர்ந்து, குரோமியம் பூசிய சுவரில் அலையலையாகக் கீறின. ஹிரோஷிமா பொறியாளர்கள் அதைச் ‘சாத்தானின் நகக்கீறல்’ என்றார்கள். 1963இல் யாமமோட்டோ கெனிச்சியின் தலைமையில் தனி ஆய்வுப் பிரிவு அமைந்தது. சீலின் அதிர்வெண்ணை மாற்ற அதில் துளையிட்டுப் பார்த்தார்கள்; இறுதியில் கார்பனும் அலுமினியமும் கலந்த பொருளால் சீல் செய்து தீர்வு கண்டார்கள். 1967 மே மாதம் காஸ்மோ ஸ்போர்ட் விற்பனைக்கு வந்தது. இரண்டு ரோட்டர்கள், தலா 491 கன சென்டிமீட்டர், 110 குதிரைத்திறன். மொத்தம் செய்யப்பட்டவை 1,176 கார்கள் மட்டுமே.

ஆய்வுப் பிரிவில் இருந்தவர்கள் 47 பேர் என்பது நிறுவனம் விரும்பிச் சொல்லும் கதை. தலைவனுக்காக உயிர்விட்ட நாற்பத்தேழு ரோனின்களின் கதையை அறியாத ஜப்பானியர் இல்லை. எண்ணைச் சந்தேகிக்க எனக்குக் காரணம் இல்லை. ஆனால் ஒரு தொழிற்சாலையின் ஆய்வுப் பிரிவு விசுவாசக் காவியமாக மாறிய இடம் இது என்பது தெளிவு. அவ்வளவு அழகாகச் சொல்லப்பட்ட கதைக்குப் பக்கத்தில் ஃபமிலியாவின் கதை எடுபடாமல் போனதில் வியப்பில்லை.

நெருக்கடி உருவான விதம் தனியே பார்க்கத் தக்கது, ஏனெனில் நிறுவனத்தைச் சாய்த்தது பழைய குறை மட்டுமல்ல. ஒரு வெற்றியும் சேர்ந்து சாய்த்தது. ரோட்டரியின் எரிப்பறை நீண்டு தட்டையானது. பரப்பு அதிகம் என்பதால் வெப்பம் சுவருக்குள் போய்விடும். எரியாத ஹைட்ரோகார்பன் புகையோடு வெளியேறும். நைட்ரஜன் ஆக்சைடு மட்டும் பிஸ்டன் எஞ்சினைவிடக் குறைவு. அமெரிக்காவின் 1970 தூய காற்றுச் சட்டம் வந்தபோது, எரியாத எரிபொருளைப் புகைக்குழாய்ப் பக்கத்தில் வைத்து எரிக்கும் வெப்ப உலையைப் பொருத்தி மஸ்டா சமாளித்தது. பெரிய நிறுவனங்கள் முடியாது என்று கைவிரித்த காலத்தில் முடியும் என்றவை மஸ்டாவும் ஹோண்டாவும். ஆனால் அந்த உலை அணையாமல் எரிய வேண்டுமானால் எஞ்சினுக்குத் தேவைக்கு மிஞ்சிய பெட்ரோலை ஊட்ட வேண்டும். புகைக்குக் கண்ட தீர்வு பெட்ரோல் செலவில் போய் விடிந்தது. 1973 அக்டோபரில் எண்ணெய் நெருக்கடி வெடித்தது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையின் சோதனையில் மஸ்டா ரோட்டரி கார்கள் நகர ஓட்டத்தில் கேலனுக்குப் பத்து, பதினோரு மைல் அளவே கொடுத்தன. சிறிய காருக்கு இது அவமானகரமான எண். விற்காத கார்கள் துறைமுகங்களில் தேங்கின.

இங்கே ஓர் ஒப்பீடு பயன்படும். ரோட்டரியை நம்பி இறங்கிய கார் நிறுவனங்களில் மூன்றை எடுத்துக்கொள்வோம். உரிமத்தின் சொந்தக்காரரான என்எஸ்யு, 1967இல் ரோ 80 காரை வெளியிட்டு, பழுதான எஞ்சின்களை உத்தரவாதத்தின் பேரில் மாற்றிக் கொடுத்தே இளைத்தது. 1969இல் ஃபோக்ஸ்வாகனின் பிடிக்குள் போய் ஆட்டோ யூனியனுடன் இணைக்கப்பட்டது. பிரான்சின் சிட்ரோயன் 1973இல் ஜிஎஸ் பிரோட்டரைக் கொண்டுவந்தது. சில நூறு கார்களோடு நிறுத்தி, விற்றவற்றையும் திரும்ப வாங்கி அழிக்க முற்பட்டது. நிறுவனமே பெஷோவிடம் போனது. மூன்றாவது மஸ்டா, தனித்து நின்றது. மூவரிடமும் இருந்தது ஒரே எஞ்சின் என்றால் விளைவில் உள்ள வேறுபாட்டுக்கு எஞ்சின் காரணமாக முடியாது. மஸ்டாவின் சீல்கள் மேலானவை என்பது உண்மை. ஆனால் 1974இல் அதைக் கவிழ்க்கவிருந்தது சீல் இல்லையே, பெட்ரோல் செலவும் தேங்கிய சரக்கும்தானே.

மற்ற இருவரிடமும் இல்லாதது ஒரு வங்கியும் ஓர் ஊரும். சுமிட்டோமோ வங்கி கடனுக்குப் பின்னால் நின்றது, தன் ஆட்களை நிர்வாகத்துக்கு அனுப்பியது. அதற்கு விலையாக 1977 முடிவில் மூன்றாம் தலைமுறைத் தலைவர் மட்சுதா கோஹெய் பதவியிலிருந்து இறங்கினார். குடும்பத்தின் ஆட்சி அத்தோடு முடிந்தது. ஆலைத் தொழிலாளர்களை வீட்டுக்கு அனுப்பவில்லை. ஆயிரக்கணக்கானோரை விற்பனையாளர்களிடம் அனுப்பினார்கள். லேத் மெஷினில் நின்றவர் தெரு தெருவாகக் கதவைத் தட்டிக் கார் விற்றார். உதிரிபாகம் செய்து தந்தவர்கள் விலையைக் குறைத்துக்கொண்டார்கள். வாங்கினால் மஸ்டாதான் என்று ஹிரோஷிமா வணிகர்கள் முடிவெடுத்தார்கள். (நிறுவனத்தின் பெயரைச் சுமந்த பேஸ்பால் அணியான ஹிரோஷிமா டோயோ கார்ப் தன் முதல் லீக் பட்டத்தை வென்றது 1975இல், இந்த இருட்டின் நடுவில். ஊர்க்காரர்கள் அதை இன்னும் மறக்கவில்லை.) 1983இல் ரிச்சர்ட் பாஸ்கேலும் தாமஸ் ரோலனும் இந்த மீட்சியை ஆராய்ந்து, வங்கி, தொழிலாளர், உதிரிபாகத்தார் ஆகியோரின் கூட்டுழைப்பாக அதை விளக்கினார்கள். அந்த விளக்கத்தோடு எனக்கு உடன்பாடே. ஆனால் கதவு தட்டியவர் கையில் விற்பதற்கு ஏற்ற கார் ஒன்றும் வேண்டுமே. 1977இல் வந்த புதிய ஃபமிலியா அந்தக் கார். பிஸ்டன் எஞ்சின், சிக்கனம், எளிய விலை. 1980இல் முன்சக்கர இயக்கத்தோடு வந்த அடுத்த ஃபமிலியா ஜப்பானின் முதல் ‘ஆண்டின் சிறந்த கார்’ விருதைப் பெற்றது. 27 மாதங்களில் 10 லட்சம் கார்கள் உற்பத்தியாயின. 1979இல் ஃபோர்டு சுமார் கால் பங்கு வாங்கியதும் நிறுவனத்தின் சிறிய கார் செய்யும் திறனைப் பார்த்தே.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. ரோட்டரி இல்லாமலிருந்தால் 1960களிலேயே மஸ்டா மறைந்திருக்கும். 1966இல் பிரின்ஸ் நிறுவனம் நிஸானுக்குள் கரைந்ததே சாட்சி என்று வாதிடலாம். இதில் பாதியை ஏற்கிறேன். அமைச்சகத்தின் கண்ணிலும் வங்கியின் கண்ணிலும் மதிப்பைத் தேடித் தந்தது அந்த எஞ்சின்தான். ஆனால் பிரின்ஸிடமும் தரமான தொழில்நுட்பம் இருந்தது. ஸ்கைலைன் அவர்களுடைய கார். தொழில்நுட்பம் மட்டும் தனித்து நிற்க உதவாது என்பதற்கும் அதே பிரின்ஸ் சாட்சி சொல்கிறது. மேலும், தொகுப்புத் திட்டத்துக்குச் சட்ட வலு தரவிருந்த மசோதா 1963இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறாமல் போயிற்று. காஸ்மோ வெளிவருமுன்பே மிரட்டலின் பல் பிடுங்கப்பட்டுவிட்டது.

1978இன் ஆர்எக்ஸ்-7 முதல் ரோட்டரி தன் உரிய இடத்துக்கு ஒதுங்கியது. எல்லாக் கார்களிலும் வைக்கும் எஞ்சினாக இல்லாமல், பெட்ரோல் கணக்குப் பார்க்காதவர் வாங்கும் விளையாட்டுக் காரில்தான் அது பெரும்பாலும் நிலைத்தது. 1991இல் ரோட்டரி எஞ்சின் வைத்த 787பி பந்தயக் கார் லெ மான்ஸ் 24 மணிநேரப் பந்தயத்தில் வென்றது. ஜப்பானிய நிறுவனம் ஒன்றுக்கு அங்கே அதுவே முதல் வெற்றி. அப்பந்தயத்தில் ஒவ்வொரு காருக்கும் எரிபொருள் அளவு வரையறுக்கப்பட்டிருந்தது. பெட்ரோல் குடிக்கும் எஞ்சின் என்று பழிக்கப்பட்டது அங்கே வென்றதற்கு, போட்டியாளர்களைவிடக் குறைந்த எடையில் ஓட விதி இடம்கொடுத்ததும் ஒரு காரணம். வெற்றிக் கோப்பை வந்தும் வருமானம் வரவில்லை. உள்நாட்டில் ஐந்து விற்பனைப் பெயர்களில் கடைபரப்பிய நிர்வாகம், பொருளாதாரக் குமிழி உடைந்ததும் திணறியது. 1996இல் ஃபோர்டு தன் பங்கை 33.4 விழுக்காடாக உயர்த்தி ஹென்றி வாலஸைத் தலைவராக்கியது. பெரிய ஜப்பானியக் கார் நிறுவனம் ஒன்றுக்கு வெளிநாட்டவர் தலைவரானது அதுவே முதல் முறை.

ரோட்டரியின் தந்தை என்று போற்றப்படும் யாமமோட்டோவே 1980களில் நிறுவனத் தலைவராகி, 1989இல் வெளியான எம்எக்ஸ்-5 திறந்த காருக்கு ஆதரவு தந்தார். உலகில் மிக அதிகம் விற்ற இரு இருக்கைத் திறந்த கார் அது. 2016இல் பத்து லட்சத்தைத் தொட்டது. அதன் முதல் எஞ்சின் ஃபமிலியாவிலிருந்து வந்த 1.6 லிட்டர் பிஸ்டன் எஞ்சின். பெயரும் சோறும் ஒரே வண்டியில் சேர்ந்தது எனச் சொல்லத் தக்க ஒரே இடம் இதுதான் என்பது என் கணிப்பு. நம் பக்கத்தில் அந்தப் பெயருக்கு வேறு பொருள் இருந்தது என்பதையும் சொல்லலாம். பஞ்சாபில் 1980களில் தொடங்கிய ஸ்வராஜ் மஸ்டாவின் வேன், தமிழ்நாட்டில் கல்யாணத்துக்கும் கோயில் பயணத்துக்கும் ஆள் ஏற்றிய வண்டி. இங்கே மஸ்டா என்றதும் எவரும் ரோட்டரியை நினைத்ததில்லை.

நற்பெயர் நிலையான சொத்து என்று எண்ணுவதற்கில்லை. 2020இல் அமெரிக்காவின் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் நம்பகத்தன்மைப் பட்டியலில் மஸ்டா முதலிடம் பிடித்தது. 2024 ஜூனில், சான்றிதழ் சோதனைகளில் முறைகேடு செய்ததாக ஒப்புக்கொண்ட ஜப்பானிய நிறுவனங்களின் வரிசையில் அதுவும் நின்று, இரண்டு மாடல்களின் விநியோகத்தை நிறுத்தியது. முதலிடத்தையோ முறைகேட்டையோ பிடிவாதப் பொறியாளர் கதையைக்கொண்டு விளக்கிவிட முடியாது.

ரோட்டரி எஞ்சின் கொண்ட ஆர்எக்ஸ்-8 காரின் உற்பத்தி 2012இல் நின்றபின், 2023இல் எம்எக்ஸ்-30 காரில் ரோட்டரி மீண்டும் வந்தது. ஒற்றை ரோட்டர், 830 கன சென்டிமீட்டர். சக்கரத்தோடு அதற்கு நேரடித் தொடர்பில்லை, மின்னாக்கியைச் சுழற்றுவது மட்டுமே வேலை. இன்று மஸ்டாவின் விற்பனையைத் தாங்கி நிற்கும் வண்டி சிஎக்ஸ்-5. அதில் இருப்பது பிஸ்டன் எஞ்சின்.