கொடுவாவுக்குள் ஒரு டி செல்

பழவேற்காடு ஏரிக்கரையில் கொடுவா மீன் வாங்குகிறவர்கள் முதலில் செவுளைத் தூக்கித்தான் பார்ப்பார்கள். சிவப்பாக இருந்தால்தான் விலை பேசுவார்கள். அந்தச் செவுள் அறையின் மேல்மூலையில், இருபுறமும், சவ்வுக்கு அடியில் வெளிறிய மெல்லிய திசு ஒன்று இருக்கிறது. அதுதான் மீனின் தைமஸ். நமக்கு நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கும் அதே உறுப்பு. நோயை எதிர்க்கும் டி செல்கள் உருவாவது இங்கேதான்.

ஆனால் அவற்றின் பயணம் தொடங்குவது வேறிடத்தில். மீனின் எலும்புக்குள் இரத்தம் ஊறுவதில்லை. தலைச்சிறுநீரகம்தான் அந்த வேலையைச் செய்கிறது. அங்கிருந்து கிளம்பும் முன்னோடிச் செல் டி செல்லாகலாம், பி செல்லாகலாம், கிருமியை விழுங்கும் செல்லாகவும் ஆகலாம். கடலில் பொரித்து முகத்துவாரம் வழியே ஏரிக்குள் நுழையும் கொடுவாக் குஞ்சைப் போல, அது இரத்த ஓட்டத்தோடு வந்து தைமஸுக்குள் புகுகிறது.

அடுத்து நடப்பதை ஆய்வாளர்கள் பெரும்பாலும் சுண்டெலியில்தான் கண்டறிந்தார்கள். இதே மரபணுக்கள் மீனிலும் உண்டு. தைமஸின் எபிதீலியச் செல்கள் டெல்டா வகைப் புரதத்தை நீட்டி நிற்கின்றன. முன்னோடியின் மேலுள்ள நாட்ச் என்ற ஏற்பி அதைத் தொட்டதும் அறுபட்டு, அதன் உள்துண்டு செல்லின் உட்கருவுக்குப் போகிறது. அதன் தூண்டலால் டிசிஎஃப்-1, காட்டா-3 ஆகிய புரதங்கள் உருவாகத் தொடங்குகின்றன. இவைதான் படியெடுத்தல் காரணிகள். டிஎன்ஏவின் மேல் உட்கார்ந்து, எந்த மரபணு இயங்க வேண்டும், எது அடங்க வேண்டும் என்று தீர்மானிப்பவை. 2011இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் அவினாஷ் பண்டூலா குழு ஒன்றைக் காட்டியது: நாட்ச் சமிக்ஞையே இல்லாவிட்டாலும், டிசிஎஃப்-1ஐ வலிந்து உருவாக்கினால் முன்னோடி டி செல் பாதையில் இறங்கிவிடுகிறது.

அப்போதும் அது திரும்பிப் போகலாம். பழைய வழிகளைத் திறந்து வைத்திருக்கும் பியு.1 என்ற காரணி குறைந்து, பிசிஎல்11பி என்ற இன்னொரு காரணி எழுந்தால்தான் கதவு சாத்தப்படும். 2010இல் மூன்று குழுக்கள் இதைத் தனித்தனியே நிறுவின. பிசிஎல்11பியை நீக்கினால், முதிர்ந்த டி செல்கூடத் தன் குணத்தை விட்டு இயற்கைக் கொல்லிச் செல்லின் சாயலுக்கு மாறுகிறது. ஹாவ் யுவான் குவே, கால்டெக் பல்கலைக்கழகத்தின் எல்லன் ராதன்பர்க் உள்ளிட்டோர் 2018இல் கண்டது எனக்கு இன்னும் வியப்பு: ஒரே செல்லில் பிசிஎல்11பி மரபணுவின் இரு படிகளும் சேர்ந்தே விழிக்க வேண்டும் என்பதில்லை. ஒன்று விழித்துச் சில நாள் கழித்துக்கூட மற்றது விழிக்கிறது.

இந்த டி செல்லின் பயன் இறாலோடு ஒப்பிட்டால் தெரியும். அதே ஏரி நீரில் வாழும் இறாலுக்குத் தைமஸும் இல்லை, டி செல்லும் இல்லை. 1990களில் வெள்ளைப்புள்ளி வைரஸ் நம் கடலோர இறால் பண்ணைகளைச் சூறையாடியபோது, மீனுக்குப் போடுவது போன்ற தடுப்பூசியை நம்ப வழியில்லாமல் போனதற்கு இது முக்கியக் காரணம். கொடுவாவைத் தாக்கும் நரம்பு நோய் வைரஸுக்கோ சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் தடுப்பூசியே உருவாக்கியிருக்கிறது.

அந்த வைரஸ் அதிகம் கொல்வது தைமஸ் முதிராத இளங்குஞ்சுகளைத்தான். எனவே சுண்டெலியில் வரைந்த வரைபடம் மட்டும் போதாது. கொடுவாவிலேயே, எந்த நாளில் எந்தக் காரணி எழுகிறது என்று வரைய நம் இளம் ஆய்வாளர்கள் முன்வர வேண்டும்.