எலியின் சிறுநீரகமும் மலைமக்களின் உப்பும்: உயர் இரத்த அழுத்த ஆய்வில் மாதிரி விலங்குகளின் வரம்பு

திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் மாவட்டங்களில் பரந்து கிடக்கும் ஜவ்வாது மலையில், மலையாளிப் பழங்குடியினரின் உணவில் சாமை வகித்த இடத்தை நியாயவிலைக் கடை அரிசி பெருமளவு பிடித்துக்கொண்டுவருகிறது. இத்தகைய மாற்றங்கள் இரத்த அழுத்தத்தை எவ்வாறு பாதிக்கின்றன, உயர்ந்த அழுத்தம் இதயத்தையும் மூளையையும் சிறுநீரகத்தையும் எவ்வழியில் சிதைக்கிறது என்ற கேள்விகளுக்கு ஆய்வகங்கள் தரும் விடைகளில் பெரும்பகுதி எலிகளிடமிருந்தே வருகிறது. சிதைவின் வழிமுறையை விளக்கும் வரையில் அவ்விடைகள் நம்பத்தக்கவை. ஒரு மக்கட்குழுவுக்கு நேரக்கூடிய ஆபத்தின் அளவைச் சொல்வதற்கு அவை போதா என்பதே இக்கட்டுரையின் வாதம்.

ஹாரி கோல்ட்பிளாட் 1934இல் நாய்களின் சிறுநீரகத் தமனியைக் கவ்வியால் இறுக்கி அழுத்தத்தை உயர்த்திக் காட்டிய முறை பின்னர் எலிகளுக்கும் பரவியது. அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வகத்தில் லூயிஸ் டால், உப்பு மிகுந்த உணவால் அழுத்தம் ஏறும் எலிகளையும் ஏறாத எலிகளையும் தனித்தனியே இனப்பெருக்கம் செய்து, 1962இல் இரு மரபுவழிகளாக அறிவித்தார். அடுத்த ஆண்டே கியோட்டோவின் ஒகமோட்டோவும் அவோகியும், உப்போ அறுவைச் சிகிச்சையோ இன்றித் தன்னியல்பாக அழுத்தம் உயரும் எலியை விஸ்டார் இனத்திலிருந்து உருவாக்கினர். ஆக, எலிகளில் ஒரே பெயரால் அழைக்கப்படும் இந்நோய்க்கு மூன்று வேறு காரணங்கள் உள்ளன. ஒரு மாதிரியில் கண்டதை மற்றொன்றுக்கு உரியதாகக் கொள்ளவே தனிச் சான்று தேவைப்படும்போது, மனிதருக்கு உரியதாகக் கொள்வதற்கு எவ்வளவு சான்று வேண்டும் என்பது எளிதில் விளங்கும்.

இம்மாதிரிகளின் உண்மையான சாதனை, அழுத்தத்தையும் சிதைவையும் பிரித்துப் பார்க்க வழி செய்தமையே ஆகும். 1970களில் டாலின் குழுவினர், உப்பால் பாதிக்கப்படும் எலியின் சிறுநீரகத்தைப் பாதிக்கப்படாத எலிக்குப் பொருத்தியபோது அதன் அழுத்தம் ஏறியது; எதிர்த்திசையில் மாற்றியபோது இறங்கியது. அழுத்தத்தை நிர்ணயிப்பதில் சிறுநீரகத்துக்குப் பெரும்பங்கு உண்டு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று அரிது. 1997இல் வெளியான மற்றொரு ஆய்வு இன்னும் நுட்பமானது. தன்னியல்பாக அழுத்தம் உயரும் எலியின் உடலில், அதன் சொந்தச் சிறுநீரகம் ஒன்றோடு பிரௌன் நார்வே இனத்தின் சிறுநீரகம் ஒன்றும் பொருத்தப்பட்டு, அழுத்தம் மேலும் உயர்த்தப்பட்டது. இரண்டும் ஒரே குருதியின் ஒரே அழுத்தத்துக்கு உட்பட்டிருந்தும், பிரௌன் நார்வே இனத்திலிருந்து வந்த சிறுநீரகமே மிகுதியாகச் சிதைந்தது. எனவே அழுத்தமானியின் எண் ஒன்றாயிருக்கும் இருவருக்குச் சிதைவும் ஒன்றாகவே இருக்கும் என்று கருதுவதற்கு இடமில்லை. மலைக் கிராமங்களில் அழுத்தத்தை மட்டும் அளந்து, சிறுநீரில் கசியும் அல்புமின் என்னும் புரதத்தைச் சோதிக்காமல் விடுவது அரைச் சோதனையே என்பதற்கு இந்த எலிகள் தரும் காரணம் வலுவானது.

அளவு குறித்த கேள்வியில் நிலைமை மாறுகிறது. டால் எலிகளுக்குப் பொதுவாகத் தரப்படும் உணவில் 8 விழுக்காடு உப்பு உண்டு. 300 கிராம் எடையுள்ள எலி நாளொன்றுக்கு 20 கிராம் உணவு உண்பதாகக் கொண்டால், அது 1.6 கிராம் உப்பை உட்கொள்கிறது. நாளொன்றுக்கு 10 கிராம் உப்பு உண்ணும் 60 கிலோ மனிதரோடு உடல் எடையின்படி ஒப்பிட்டால் இது 30 மடங்குக்கு மேல். எலியின் வளர்சிதை மாற்றம் விரைவானது என்பதால் கலோரியின்படி ஒப்பிட்டால் ஏறத்தாழ 5 மடங்கு. எந்த அளவுகோல் சரி என்பதை எலி தீர்மானிக்க இயலாது. இவ்வேறுபாட்டைக் குறிப்பிடாமல் ‘உப்பு உறுப்பைச் சிதைக்கிறது’ என்று மட்டும் எழுதும் கட்டுரை, படிப்பவரைத் தவறான முடிவுக்கு இட்டுச் செல்லும்.

எலியில் கண்டதை அதன் வரம்பைச் சொல்லாமல் மனிதருக்குப் பொருத்தும் இக்குறை, மூலிகைச் சாறுகளை எலியில் சோதிக்கும் ஆய்வுகளில் கூடுதலாக வெளிப்படுகிறது. நைட்ரிக் ஆக்சைடு என்னும் இரத்தக்குழாய் விரிப்பான் உடலில் உருவாவதைத் தடுக்கும் வேதிப்பொருளைச் சில வாரங்கள் கொடுத்து அழுத்தத்தை உயர்த்தி, சாறு அதைக் குறைத்தது என்று காட்டுவது இவற்றில் வழக்கமான முறை. வாலில் பட்டை கட்டி அளக்கும்போது, அடைத்துவைக்கப்பட்ட எலியின் அச்சமே அளவைக் கூட்டிவிடும். உடலுக்குள் பொருத்தும் கருவியால் இரவும் பகலும் அளப்பதே நம்பகமானது. அவ்வாறு அளந்தாலும், குறுகிய காலத்தில் அழுத்தம் குறைவது உறுப்பு காக்கப்பட்டதற்குச் சான்றாகாது. மலைமக்களின் மருத்துவ அறிவுக்கு மதிப்பளிப்பவர்கள்தாம் இத்தகைய அவசர முடிவுகளை முதலில் மறுக்க வேண்டும்.

மக்களின் உணவை எலிக்கு ஊட்டிச் சோதிக்கும் மரபு தமிழகத்துக்குப் புதிதன்று. குன்னூரில் ராபர்ட் மெக்காரிசன் இந்தியாவின் பல பகுதி மக்களுடைய உணவுகளை எலிகளுக்குக் கொடுத்து ஒப்பிட்டபோது, சென்னை மாகாணத்து அரிசி உணவு கடைசி இடத்தில் நின்றது. அந்த ஆய்வகமே பின்னர் ஐதராபாத்துக்கு மாறி, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகிறது. மெக்காரிசனின் முறையில் பின்பற்றத்தக்கது, மக்கள் உண்மையில் உண்பதிலிருந்து தொடங்கிய ஒழுங்கு. ஜவ்வாது மலைக்கும் அதே ஒழுங்கு பொருந்தும்: 24 மணி நேரச் சிறுநீரில் சோடியத்தை அளந்து மக்கள் உண்ணும் உப்பின் அளவை முதலில் அறிய வேண்டும்; பின்னர் அந்த அளவை, சாமை உணவோடும் அரிசி உணவோடும், உப்பால் பாதிக்கப்படும் எலிக்கும் பாதிக்கப்படாத எலிக்கும், ஆண் பெண் இரண்டுக்கும், மாதக்கணக்கில் கொடுத்துப் பார்க்க வேண்டும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் ஊழியர்கள் வீடுதோறும் சென்று இரத்த அழுத்தத்தை அளக்கிறார்கள். அதே வருகையில் சிறுநீர் அல்புமின் சோதனையையும் மலைக் கிராமங்களில் சேர்ப்பதற்கு எலி ஆய்வின் அடுத்த முடிவு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.