தைபே–ஷாங்காய்: மாறாத தொலைவும் மாறிய பறப்பு நேரமும்

தைபேயின் தாவோயுவான் விமான நிலையத்துக்கும் ஷாங்காயின் புதொங் விமான நிலையத்துக்கும் இடையே நேர்த்தொலைவு சுமார் 680 கி.மீ. ஜெட் விமானம் ஒன்றரை மணி நேரத்துக்குள் கடந்துவிடும் தூரம் இது. ஆனால் 1949இல் சீனாவும் தைவானும் தனித்தனி ஆட்சிகளாகப் பிரிந்த பின் அரை நூற்றாண்டுக்கும் மேலாக இந்த வழியில் நேரடி விமானமே பறக்கவில்லை. பயண நேரம் குறைந்த கதையைப் பெரும்பாலும் எஞ்சின்களின் வேகத்தைக் கொண்டே சொல்கிறோம். இந்த வழித்தடத்திலோ, யார் யாருடைய வான்வெளியில் பறக்கலாம் என்ற அனுமதிதான் நேரத்தைத் தீர்மானித்தது என்பது இக்கட்டுரையின் வாதம்.

1979 புத்தாண்டு நாளில் பெய்ஜிங் அஞ்சல், கப்பல், விமானத் தொடர்புகளைத் தொடங்க அழைப்பு விடுத்தது; தைபே மறுத்தது. 1987 நவம்பரில் உறவினரைக் காணச் செல்லத் தைவான் அனுமதித்தபோதும் பயணிகள் பெரும்பாலும் ஹாங்காங் போய்த்தான் விமானம் மாறினர். தைபே–ஹாங்காங் சுமார் 805 கி.மீ., ஹாங்காங்–ஷாங்காய் சுமார் 1,255 கி.மீ.; கூட்டினால் நேர்வழியைப் போல மூன்று மடங்கு. 1990களின் நடுவில் மக்காவ் வழியே ஓர் உத்தி பிறந்தது: அங்கே இறங்கிய விமானம் பறப்பு எண்ணை மட்டும் மாற்றிக்கொண்டு மறுபடி கிளம்பியது. 2003 சீனப் புத்தாண்டுச் சிறப்பு விமானங்கள் ஹாங்காங்கிலோ மக்காவிலோ தரையிறங்கிச் சென்றன. 2005இல் தரையிறங்கும் கட்டாயம் நீங்கியது. ஆனால் ஹாங்காங் வான்தகவல் மண்டலத்தை, அதாவது ஹாங்காங் கட்டுப்பாட்டு மையம் வழிநடத்தும் வான்பகுதியை, தொட்டுச் செல்லும் கட்டாயம் நீடித்தது. 2008 ஜூலையில் தொடங்கிய வார இறுதி விமானங்களும் அப்படியே சுற்றின. அந்த ஆண்டு நவம்பர் 4ஆம் தேதி தைபேயில் கையெழுத்தான உடன்பாட்டின்படி, டிசம்பர் 15 முதல் தைபே, ஷாங்காய் கட்டுப்பாட்டு மையங்கள் விமானங்களை நேரடியாக ஒன்றிடமிருந்து மற்றொன்று ஏற்கத் தொடங்கின. சுமார் ஒரு மணி நேரம் மிச்சமாகி, பறப்பு நேரம் 80 நிமிடங்களை ஒட்டி வந்தது.

இதைத் தொழில்நுட்ப முன்னேற்றம் என்று கொள்ள இடமில்லை. டிசம்பர் 14 அன்றும் 15 அன்றும் பறந்தவை ஒரே வகை விமானங்கள்தான். வணிகத் தேவையே வழியைத் திறந்தது என்ற வாதம் இதைவிட வலுவானது. ஷாங்காய் வட்டாரத்தில் தைவான் முதலீடு பெருகப் பெருக நேரடிச் சேவைக்கான கோரிக்கையும் வலுத்தது உண்மை. ஆனால் அந்தத் தேவை 1990களிலேயே இருந்தது; 2008 மே மாதம் மா யிங்-ஜியோ தைவான் அதிபரான பிறகே வழி திறந்தது. தேவை அழுத்தம் தந்தது. எப்போது என்பதை அரசியல் முடிவு செய்தது.

2008இல் அரசியல் தடை முற்றிலும் விலகியது என்று முடிப்பதும் சரியல்ல. தாவோயுவானிலிருந்து சீனாவின் ஃபூஜோ விமான நிலையம் நேர்க்கோட்டில் 200 கி.மீ.கூட இல்லை. 2008க்குப் பிறகும் அங்கு செல்லும் விமானங்கள் தைவான் நீரிணையின் நடுக்கோட்டைக் குறுக்கே கடக்காமல் சுற்றிச் சென்றதால், பயணம் ஒரு மணி நேரத்தைத் தாண்டியது. வடக்கே உள்ள ஷாங்காய்க்கு அதே விதியால் ஏற்படும் சுற்று சிறிது. ஆகவே ஆசிய நகரங்களின் பயண நேரங்களை ஒப்பிடும் ஆய்வாளர், கிலோமீட்டர் அட்டவணையோடு வான்வழி உடன்பாடுகளின் தேதிகளையும் சேர்த்தே படிக்க வேண்டும்.