தண்டவாளம் போன பிறகு

ரயில் ஓடியது சிங்கப்பூருக்குள். தண்டவாளத்துக்கு அடியிலிருந்த மண் மலேசிய ரயில்வேயின் சொத்து. 1918-ல் வெள்ளைக்காரர்கள் எழுதிக்கொடுத்த ஏற்பாடு அது. 1965-ல் இரண்டும் தனித்தனி நாடுகளான பிறகும் மாறவில்லை. வடக்கே உட்லண்ட்ஸிலிருந்து தெற்கே தஞ்சோங் பகார் வரை, ஊர் நடுவே ஒரு நாடா போல, வேறொரு நாட்டின் நிலம் கிடந்தது. இன்று சிங்கப்பூர்க்காரர்கள் காலையில் நடக்கவும் சைக்கிள் மிதிக்கவும் போகிற 24 கிலோமீட்டர் ‘ரயில் காரிடார்’ இந்தச் சொத்துத் தகராறில் பிறந்த பிள்ளை.

தஞ்சோங் பகார் நிலையத்தை இடம் மாற்றி நிலத்தைச் சிங்கப்பூருக்குத் திருப்பித் தருவது என்று 1990-ல் ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். அதற்கு ஆளுக்கொரு பொருள் சொன்னதில் இருபது வருடம் இழுத்தது. அங்குலம் அங்குலமாக அளந்து கட்டடம் எழுப்பும் ஊரில், யாரும் கைவைக்க முடியாத நிலம் என்ன ஆகும்? காடாகும். மரமும் கொடியும் தாமாக வளர்ந்தன. பக்கத்துக் குடியிருப்புக்காரர்கள் வாழையும் காய்கறியும் போட்டுக்கொண்டார்கள். நம் ஆட்களும் அந்த மண்ணில் தடம் விட்டிருக்கிறார்கள். 1932-ல் குவீன்ஸ்வே தண்டவாளத்தோரம் ரயில்வே தொழிலாளர்கள் ஒரு குடிசையில் முனீஸ்வரனை வைத்துக் கும்பிடத் தொடங்கினார்கள். காமன்வெல்த் டிரைவில் இப்போது இருக்கும் பெரிய கோவிலின் ஆரம்பம் அதுதான். தஞ்சோங் பகார் நிலையம் திறந்ததும் அதே வருடம்.

2010 மே மாதம் இரு நாட்டுப் பிரதமர்களும் கணக்கைத் தீர்த்தார்கள். 2011 ஜூலை 1 முதல் ரயில் உட்லண்ட்ஸோடு நின்றுவிடும், நிலம் சிங்கப்பூருக்கு. இனி அடுக்குமாடிதான் என்று யாரும் நினைத்திருப்பார்கள். சிங்கப்பூர் இயற்கைச் சங்கம் அதற்குள் முந்திக்கொண்டது. ரயில் இன்னும் ஓடிக்கொண்டிருந்த 2010 அக்டோபரிலேயே ஒரு திட்டத்தை எழுதி அரசிடம் கொடுத்தது. கேட்டது ஒன்றே ஒன்று: துண்டு போடாமல் முழுசாக விட்டுவையுங்கள். பறவைகளும் சிறு விலங்குகளும் ஒரு காட்டிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் வழி அது. நடுவில் எங்கே அறுத்தாலும் போயிற்று.

கேட்ட நேரம்தான் இதில் முக்கியம் என்று எனக்குத் தோன்றுகிறது. வரைபடம் தயாராகி, டெண்டர் விட்ட பிறகு போய் நின்றிருந்தால் நல்ல வார்த்தை சொல்லி அனுப்பியிருப்பார்கள். நிலம் கைக்கு வருமுன்பே அதை என்ன செய்யலாம் என்று சொல்ல ஆள் இருந்தது. நீளம் அதிகம், அகலம் குறைவு என்பதால் கட்டடத்துக்கும் அது அவ்வளவு வாகான நிலமில்லை.

ஆனால் எழுதிக்கொடுத்தால் மட்டும் ஊர் கூடிவிடாது. ஆர்வலர்கள் சிலர் ஆதரவு திரட்டினார்கள், ஆட்களைக் கூட்டிப்போய் நடந்து காட்டினார்கள். 2011 ஜூன் 30 இரவு கடைசி ரயிலை ஜொகூர் சுல்தான் இப்ராஹிமே ஓட்டிக்கொண்டு போனார். தண்டவாளத்தைப் பிடுங்குமுன் ஜூலை 1 முதல் 17 வரை முழுப் பாதையையும் மக்கள் நடப்பதற்காகத் திறந்துவிட்டது அரசு. கூட்டம் அலைமோதியது. மீட்டர் கேஜ் பாதையில் நடந்தவர்களுக்குத் தெரியும்: கட்டைக்குக் கட்டை கால் வைத்தால் எட்டு குட்டை, ஒன்றுவிட்டு ஒன்று வைத்தால் தாவல், ஜல்லியில் இறங்கினால் செருப்பு தாங்காது. அப்படியும் குழந்தை குட்டிகளோடு நடந்தார்கள். புக்கிட் தீமா நிலையத்துக்கு வந்தவர்கள், அதுவரை ஓட்டுநரும் நிலையக்காரரும் வளையம் மாற்றிக்கொண்ட இடத்தைப் பார்த்தார்கள். ஒற்றைப் பாதை என்பதால், சாவி கோத்த அந்த வளையம் கையில் இருந்தால்தான் ரயில் அடுத்த பகுதிக்குள் நுழையலாம். ரயில் மெதுவாக உருளும்போதே கைக்குக் கை மாறும். மனுவால் செய்ய முடியாத வேலையை அந்தப் பதினேழு நாள் செய்தது என்பேன். நடந்து பார்த்த இடத்தை விட்டுக்கொடுக்க யாருக்கும் மனம் வராது.

இரும்பு மலேசியாவுக்குச் சொந்தம். வருட முடிவுக்குள் பெயர்த்து அனுப்பினார்கள். புக்கிட் தீமா பக்கத்து இரண்டு இரும்புப் பாலங்களும் நிலையத்தருகே கொஞ்சம் தண்டவாளமும் தங்கின.

அதன் பிறகு நடந்ததெல்லாம் கூட்டம், குறிப்பு, மறுபடியும் கூட்டம். அப்போது துணை அமைச்சராக இருந்த டான் சுவான்-ஜின் தலைமையில் அமைந்த ஆலோசனைக் குழுவில் அதிகாரிகளோடு ஆர்வலர்களும் உட்கார்ந்தார்கள். ‘ரயில் காரிடார் நண்பர்கள்’ என்று ஒரு குழு சேர்ந்தது. ஆர்வலர்களுக்கு இதற்கெல்லாம் சம்பளம் கிடையாது. 2015-ல் ஜப்பானின் நிக்கென் செக்கெய் நிறுவனத்தின் வடிவமைப்பு தேர்வானது. நடுவில் குடிநீர்க் குழாய் பதிக்கப் பாதையைத் தோண்டினார்கள். நடுப்பகுதி 2021-லும், புக்கிட் தீமா நிலையம் 2022-லும் புதுப்பொலிவோடு திறந்தன. பாதையைச் சமன் செய்தது சக்கர நாற்காலிக்காரர்களுக்கு நல்லது. சேறும் புல்லுமாக இருந்த பழைய பாதையில் நடந்து ருசி கண்டவர்களுக்கு மனத்தாங்கல்தான். இரண்டு பேர் பேச்சிலும் நியாயம் இருக்கிறது.

2021 தொடக்கத்தில் வடக்கே கிராஞ்சியில், பாதையை ஒட்டிய காட்டில் ஒரு பெரிய வெட்டவெளி தெரிந்தது. வானிலிருந்து எடுத்த படத்தை ஒருவர் வெளியிட, விஷயம் ஊர் முழுக்கப் பரவியது. சுற்றுச்சூழல் ஆய்வு முடியுமுன்பே சுமார் 4.5 ஹெக்டேர் தவறுதலாக அழிக்கப்பட்டது என்று நிலத்தை மேம்படுத்தும் ஜேடிசி கழகம் ஒப்புக்கொண்டது. பாதைக்கு ஒன்றும் ஆகவில்லை. அதன் ஓரத்துக் காடுதான் போயிற்று. இயற்கைச் சங்கம் 2010-ல் கேட்டது வெறும் நடைபாதையை அல்ல.