உனக்குள்ள என்ன இருக்கு? கம்ப்யூட்டரிடம் கேட்ட ஒரு கேள்வியின் வரலாறு

இன்னைக்கு எபிசோட் ஒரு சின்னக் கேள்வியோட வரலாறு. ஒரு கம்ப்யூட்டரைப் பார்த்து "உனக்குள்ள என்னப்பா இருக்கு?"ன்னு கேட்டா, அது எப்படி பதில் சொல்லுது? அந்தப் பதிலை எவ்வளவு நம்பலாம்?

எனக்கு ஊர் வாசுதேவநல்லூர். எங்க பக்கம் என் வயசுக்காரங்க நிறைய பேருக்கு வீட்டுக்கு வந்த முதல் கம்ப்யூட்டர், அரசு கொடுத்த லேப்டாப்தான். 2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாள் அன்னைக்கு ஆரம்பிச்ச திட்டம் அது. எல்காட் வாங்கிக் கொடுத்துச்சு. ஆரம்பத்துல வந்த லேப்டாப்கள்ல விண்டோஸும் இருந்துச்சு, பாஸ் லினக்ஸும் இருந்துச்சு. பாஸ்ங்கிறது டெபியனை அடிப்படையா வெச்சு சி-டாக் உருவாக்கினது. ஆக, ஒரே பெட்டிக்குள்ள ரெண்டு மரபு. நம்ம கேள்விக்கு ரெண்டும் வேற வேற மாதிரி பதில் சொல்லும்.

லினக்ஸ்ல கிட்டத்தட்ட எல்லாமே எழுத்து. 'ப்ராக்'ங்கிற ஃபோல்டர்ல 'சிபியூஇன்ஃபோ'ன்னு ஒரு ஃபைல் இருக்கும். திறந்து படிச்சா பிராசஸர் விவரம் மொத்தமும் வந்துடும். தேவையான வரியை மட்டும் பிரிச்சு எடுக்க 'கிரெப்' போதும்.

விண்டோஸ்ல அப்படிப் படிக்க ஃபைலே கிடையாது. விவரமெல்லாம் ஏபிஐக்குப் பின்னாடி இருக்கும். அதுபோக, ஒவ்வொரு கம்பெனி மெஷினும் தன்னைப் பத்தி ஒவ்வொரு விதமா சொல்லும். இதுக்கு ஒரு பொது வடிவம் வேணும்னு 1992ல பல கம்பெனிகள் சேர்ந்து டிஎம்டிஎஃப் அமைப்பை ஆரம்பிச்சாங்க. அவங்க கொடுத்த 'சிம்' வடிவத்தை வெச்சு மைக்ரோசாஃப்ட் செஞ்சதுதான் டபிள்யூஎம்ஐ. விண்டோஸ் 2000ல அது கூடவே வந்துச்சு. எஸ்க்யூஎல் மாதிரியே ஒரு கேள்வி எழுதலாம், பதில் வரும். 1996ல வந்த விபிஸ்கிரிப்ட்ல நாலு வரி எழுதி, ஆபீஸ்ல இருக்கிற அத்தனை மெஷினோட மெமரி கணக்கையும் அட்மின்கள் உட்கார்ந்த இடத்துலயே எடுத்தாங்க.

அடுத்தது ஜெஃப்ரி ஸ்னோவர். யூனிக்ஸ் கருவிகளை விண்டோஸுக்குக் கொண்டு வரப் பார்த்தார், வேலைக்கு ஆகல. கிரெப் தேடுறது எழுத்துல, இங்க எழுத்தே இல்லையே! அதனால, எழுத்துக்குப் பதிலா ஆப்ஜெக்ட்டையே கை மாத்துற ஒரு ஷெல் வேணும்னு 2002ல 'மோனாட்' அறிக்கை எழுதினார். இந்த வேலையில இறங்கினதுக்காகத் தன்னைப் பதவி இறக்கினாங்கன்னு அவரே பிற்பாடு சொல்லியிருக்கார். 2006 நவம்பர்ல அது பவர்ஷெல்லா வெளிவந்துச்சு. 2016ல ஓப்பன் சோர்ஸ் ஆகி லினக்ஸுக்கும் போச்சு. 2023ல விபிஸ்கிரிப்ட்டுக்கு ஓய்வு அறிவிச்சாங்க.

இன்னைக்கு பவர்ஷெல்லைத் திறந்து 'கெட்-சிம்இன்ஸ்டன்ஸ் வின்32_பயோஸ்'னு ஒரே வரி அடிச்சா சீரியல் நம்பர் வந்துடும். 'பயோஸ்' இடத்துல 'பிசிக்கல்மெமரி' போட்டா ரேம் விவரம். செகண்ட் ஹேண்ட் லேப்டாப் வாங்கப் போறவங்க, ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரைப் பார்க்கிறதை விட இதைப் பார்க்கலாம்.

ஆனா அந்தப் பதில் எங்க இருந்து வருதுன்னும் கேளுங்க. பிராசஸர் தன் பேரைத் தானே சொல்லும். சீரியல் நம்பரும் மாடல் பேரும் அப்படி இல்ல. அதெல்லாம் ஃபேக்டரியில யாரோ ஒருத்தர் பயோஸ் அட்டவணையில எழுதி வெச்சது. சில அசெம்பிள்டு பிசியில சீரியல் நம்பர் கேட்டா 'டு பி ஃபில்டு பை ஓ.இ.எம்.'னு வரும். தயாரிப்பாளர் நிரப்ப வேண்டிய கட்டம், யாரும் நிரப்பல. போலி பென் டிரைவ் இன்னும் ஒரு படி மேல: "நான் 512 ஜிபி"ன்னு தானே பொய் சொல்லும். உள்ள ஃபைலைப் போட்டு நிரப்பிப் பார்த்தாத்தான் குட்டு வெளிப்படும்.

எங்க ஊர்ல பூலித்தேவர் காலத்துக் கோட்டை ஒன்னு இருந்துச்சு. 1767ல கர்னல் டொனால்ட் கேம்ப்பெல் தலைமையில கம்பெனிப் படை அதை முற்றுகை போட்டுச்சு. அந்தச் சண்டையைப் பத்தி நமக்குக் கிடைக்கிற எழுத்துப் பதிவுல பெரும்பகுதி, தாக்க வந்தவங்க எழுதினதுதான். அதுக்காக யாரும் அதைத் தூக்கிப் போடுறதில்ல. யார் எழுதினது, எதுக்கு எழுதினதுன்னு கேட்டுட்டுப் படிக்கிறோம். ஸ்கிரீன்ல வர்ற பதிலுக்கும் அதே மரியாதை, அதே சந்தேகம் போதும்.

லேப்டாப் பக்கத்துல இருந்தா இப்பவே அந்த ஒரு வரியை அடிச்சுப் பாருங்க. என்ன பதில் வந்துச்சுன்னு எழுதுங்க. அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்.